கோந்து போட்ட குதிரை

என் அக்கா பையன் தன் படுக்கைக்கு மேலே, சுவரில் ஒரு போர்ஷே 911 படம் ஒட்டியிருக்கிறான். முத்திரையில் ஒரு குதிரை துள்ளுகிறது. போன வாரம் கேட்டான்: “மாமா, இதுல முன்னால இருக்கிறது டிக்கியாமே? எஞ்சின் பின்னாலயாம், நிஜமா?”

நிஜம். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இந்த வாரத்து வம்பு முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

1963-ல் ஃப்ராங்க்பர்ட் கண்காட்சியில் அந்தக் காரை முதன்முதலாகக் காட்டியபோது ரேடியேட்டர் என்ற வஸ்துவே அதில் கிடையாது. (பெயரும் 901. நடுவில் சைபர் வைத்த நம்பரெல்லாம் எங்களுடையது என்று பெஜோ கம்பெனி முறைத்ததில் 911 ஆயிற்று.) காற்றும் எண்ணெயும்தான் எஞ்சினைக் குளிர்வித்தன. காற்றில் ஒரு சௌகரியம், அது ஒழுகாது. அப்புறம் சத்தத்துக்குச் சட்டம், புகைக்குச் சட்டம், சிலிண்டருக்கு நாலு வால்வு என்று நெருக்கடிகள் வந்தன. 1997-ல் வந்த 996 என்ற மாடலில் தண்ணீர் புகுந்தது. பரம்பரை சைவ ஓட்டலில் ஆம்லெட் போட்டாற்போல பழைய பக்தர்கள் அலறினார்கள். காற்றில் குளிர்ந்த கடைசி 911 தயாரானது 1998 மார்ச்சில். அதே மாதம்தான் ஃபெரி போர்ஷே காலமானார். மனசு உடைந்தெல்லாம் இல்லை, வயது 88.

நான் பி.காம். என்பதால் எஞ்சினையும் வரவு செலவாகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். நூறு ரூபாய்க்கு பெட்ரோல் எரித்தால் சுமாராக முப்பது ரூபாய்தான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு முப்பது புகைக்குழாய் வழியாக ஊருக்குப் போகிறது. அடுத்த முப்பது வெறும் சூடாக கூலன்ட்டில் இறங்குகிறது. மாருதிக்கும் ஏறக்குறைய இதே விகிதம்தான். ஆனால் ரேஸ் டிராக்கில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எரிக்கிற வேகமே வேறு. அத்தனை சூட்டையும் யாராவது சுமந்துகொண்டு ஓட வேண்டாமா? பின்னால் இருக்கும் எஞ்சினிலிருந்து மூக்கில் இருக்கும் ரேடியேட்டர்களுக்குப் போய்த் திரும்ப, காரின் வயிற்றுக்கடியில் நீளநீளமான குழாய்கள். அதற்குள் 20 லிட்டருக்கு மேல் கூலன்ட். இரண்டு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் கோந்து. ஜிடி3, ஜிடி2, டர்போ என்று அந்தக் குடும்பத்தின் முரட்டுப் பிள்ளைகளுக்கு முன்பு தனி எஞ்சின் இருந்தது. ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற மேதையின் பெயரால் அழைக்கப்படுவது, 1998-ல் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த காரின் வம்சம். அதில் சில கூலன்ட் குழாய்களை அலுமினிய வார்ப்போடு திருகவில்லை, வெல்டும் வைக்கவில்லை. ஒட்டியிருந்தார்கள்! போஸ்ட் ஆபீஸ் கோந்து இல்லை, உசத்தியான தொழிற்சாலைப் பசைதான். இருந்தாலும் பசை பசைதானே. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, பல வருஷம் கழித்து ஒருநாள் விட்டுக்கொடுத்துவிடும். சொட்டுச் சொட்டாக எச்சரித்துவிட்டு அல்ல. குழாய் கழன்று, இரண்டு குடமும் மொத்தமாக ரோட்டில். 2013-ல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகாவே இதைப் பற்றி விசாரணை ஆரம்பித்தது. விவரம் தெரிந்த சொந்தக்காரர்கள் எஞ்சினையே இறக்கி, அந்த இணைப்புகளுக்கு வெல்ட் வைத்துக்கொள்கிறார்கள். பசை மலிவு, இறக்கி ஏற்றுகிற கூலி மலிவில்லை.

கொட்டுகிற இடம் எது தெரியுமோ? பின் டயருக்குப் பக்கத்தில். 200 கிலோமீட்டர் வேகத்தில், தன் கூலன்ட்டில் தானே வழுக்கிச் சுழல்கிறது கார். அதைவிடப் பரிதாபம் பின்னால் வருகிறவன். தண்ணீர் மட்டும் என்றால் சூட்டில் காய்ந்துவிடும். கூலன்ட்டில் இருக்கும் எதிலீன் கிளைக்கால் லேசில் காயாது, குழைந்த சோப்புதான். அதனால்தான் பல பைக் பந்தயங்களில் கிளைக்கால் கூடவே கூடாது, வெறும் தண்ணீர் ஊற்று என்று சட்டம். ஜெர்மனியில் நர்பர்க்ரிங்கின் பழைய தடம் 20.8 கிலோமீட்டர். காசு கட்டினால் நீங்களும் நானும்கூட ஓட்டலாம். காடு, மேடு, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. மஞ்சளும் சிவப்பும் பட்டையடித்த கொடியை ஒருவர் ஆட்டினால்தான் அங்கே வழுக்கும் என்று தெரியும். கொடிக்காரர் பார்ப்பதற்கு முன் வந்து சேர்கிறவன் பாடு?

சரி, டெம்பரேச்சர் முள் காட்டிக்கொடுக்காதா? அதுதான் இதில் பெரிய துரோகம். முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்ஸார் கூலன்ட்டில் முங்கியிருக்க வேண்டும். கூலன்ட் போய்விட்டால் அது வெறும் காற்றையும் ஆவியையும் அளந்துகொண்டிருக்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் சமர்த்தாகக் கீழே இறங்கும். ‘அப்பாடா, ஆறிவிட்டது’ என்று மிதித்தால் ஹெட் கோணிக்கொள்ளும், கேஸ்கெட் போய்விடும். இது போர்ஷேக்கு மட்டுமில்லை, உங்கள் வாசலில் நிற்பதற்கும் சேர்த்துத்தான். முள்ளைவிட மூக்கு யோக்கியம். காருக்குள் தித்திப்பாக வாசனை வந்தால் ஓரம் கட்டுங்கள். உடனே மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தால்தான் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, திறந்த வினாடி முகத்தில் கொதிக்கும். கீழே சிந்தியதையும் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். கிளைக்கால் தித்திக்கும். நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும், குழந்தைக்கும் விஷம்.

டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லித்தருவது ஒன்று உண்டு. கண்ணாடியில் பின்னால் வெள்ளையாகப் புகை தெரிந்தால், அத்தனை பேருக்கும் தோன்றுவது, ‘எப்படியாவது பிட் வரை உருட்டிக்கொண்டு போய்விடலாம்’ என்பதுதான். அப்படிப் போனால் பிட் வரைக்கும் கோலம் போட்டுக்கொண்டே போகிறோம் என்று அர்த்தம். உடனே பாதையை விட்டு விலகி, புல்லில் இறங்கி நின்றுவிட வேண்டும். ஜிடி3 என்ன விலையானாலும் சரி.