வாசகத்தைக் கூடித் திருத்துதல்

கணினி வழியாகக் கற்பிக்கும் பாடங்கள் இந்நாளில் நம் நாட்டிற் பெருகியுள்ளன. நடுவணரசின் சுவயம் தளம் 2017-ஆம் ஆண்டிலும், நம் மாநிலத்துக் கல்வித் தொலைக்காட்சி 2019-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. இவற்றின் திரையழகையும் கருவிநுட்பத்தையும் பற்றிப் பேசுவோர் பலர். திரைக்குப் பின்னின்று ஒலிக்கும் குரல் எதனைப் படிக்கின்றதோ, அவ்வாசகத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பாடம் விளங்குவதும் விளங்காதொழிவதும் பெரும்பாலும் அவ்வாசகத்தினாலன்றோ?

இத்துறையிற் போற்றத்தக்க ஒரு முறையை மும்பை ஐ.ஐ.டி.யிலே பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா அவர்கள் தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்திற் காண்கின்றோம். லினக்ஸ், சைலாப், லிப்ரெ ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைத் தானே கற்க விரும்பும் மாணவனுக்காக, ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும் சிறு பாடங்களை அவர்கள் ஆக்குகின்றனர். ஒவ்வொரு பாடத்திற்கும் முதலில் வாசகம் எழுதப்பெறும். ஒருபுறம் திரையில் தோன்றுவது, மறுபுறம் குரல் சொல்வது என இரு பத்தியாக அஃது அமையும். துறையறிந்தார் ஒருவர் அதனைச் சரிபார்ப்பார். அம்மட்டோடு நில்லாமல், அம்மென்பொருளைச் சற்றும் அறியாத புதியவர் ஒருவரிடத்தும் அது கொடுக்கப்பெறும். அவர் வாசகத்தில் உள்ளபடியே செய்து பார்த்து, எவ்விடத்தில் தடுமாறினாரோ அவ்விடத்தைக் குறிப்பர். இத்தனையும் முடிந்த பின்னரே குரற்பதிவு நிகழும். பதிந்தபின் ஒரு சொல்லை மாற்றவேண்டினும் மீண்டும் பேசிப் பதிந்து, படத்தோடு பொருத்த வேண்டுமாதலின், திருத்தமெல்லாம் ஏட்டளவிலேயே முடிதல் சிக்கனமுமாம்.

அறியாதவனை அறிவுடையார் அவையில் நடுவனாக இருத்துவதா என்று வியப்பார் உளர். மதுரையில் வாழ்வோர் அங்ஙனம் வியத்தல் தகாது. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர் பலரும் உரை கண்டபோது, மெய்யுரை எதுவென்று துணிய இயலாமல், ஐந்தாண்டுப் பருவத்தினனும் வாய்பேசாதவனுமாகிய உருத்திரசன்மனை இருக்கையில் அமர்த்தி, அவன்முன் உரைகளைப் படித்தனர் என்பது அவ்வுரைநூல் கூறும் வரலாறு. நக்கீரனார் உரையைக் கேட்டபோது அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தானாம். அவன் முருகன் அவதாரம் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. அதனை நம்புவோர் நம்புக. எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. புலவர் நாற்பத்தொன்பதின்மர் கூடியிருந்தும் உரையை ஏட்டிற் பார்த்து முடிவு செய்யாமல், படிக்கக் கேட்டான் ஒருவனுடைய முகத்தைப் பார்த்து முடிவு செய்தனர்.

செவிக்கென எழுதியதைச் செவியாலன்றிக் கண்ணால் ஆராய்ந்தால் பிழைகள் ஒளிந்துகொள்ளும். "மேற்கண்டவாறு" என்று எழுதிய சொல் ஏட்டிற்குப் பொருந்தும். கேட்பவனுக்கு மேலென்பது யாது, கீழென்பது யாது? 2.5 என்னும் எண்ணைப் படிப்போர் "இரண்டரை" என்பதா, "இரண்டு புள்ளி ஐந்து" என்பதா? நம் எழுத்திற்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. "பேஸ்" என்று வாசகத்தில் இருப்பின், அஃது அடித்தளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோ, முகத்தைக் குறிப்பதோ என்பது எழுதியவருக்கன்றிப் படிப்பவருக்குத் தோன்றாது. வல்லினம் ஒன்றே பல ஒலிக்கு நிற்பதால், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் ஏட்டைப் பாராமற் கேட்டாலன்றி இவ்வகைப் பிழை வெளிப்படாது.

சொல்லொழுங்கும் அவ்வாறே. ஆங்கிலத்தில் "சொடுக்குக" என்னும் ஏவல் முன்வரும். எதனை, எங்கே என்பன பின்வரும். தமிழிலோ இடம் முன்னும், பொருள் நடுவும், வினை இறுதியும் வருதல் இயல்பு. கற்பவனும் முதலில் இடத்தைத் தேடி, அடுத்துப் பொருளைக் கண்டு, பின்னரே கையை அசைக்கின்றான். இதில் தமிழ் அவனுக்கு உற்ற துணையாம். ஆயின், ஆங்கிலக் குரலுக்கென முன்னரே எடுத்த படத்தில் தமிழ்க் குரலைப் பொருத்துங்கால், வினைச்சொல் செவியில் விழுமுன் திரையிலுள்ள அம்புக்குறி வேலையை முடித்திருத்தல் கூடும். படத்தை ஓடவிட்டுக் கூடியிருந்து கேட்டாலன்றி இதனை எவர் காண்பார்?

தமிழ் பயிலும் மாணவர்க்குக் கசப்பான ஒரு கேள்விக்கு இனி வருகின்றேன். திரையில் ஆங்கிலமே நிற்க, குரல் மட்டும் தமிழாகும் பாடங்களில் "கோப்பு" என்பதா, "ஃபைல்" என்பதா? உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வரும் மாணவி ஒருத்தி "கோப்பு என்பதைச் சொடுக்குக" என்று கேட்டுத் திரை முழுவதும் தேடினால், அச்சொல் அங்கு இல்லை. திரையிலுள்ள பெயர் அங்குள்ளபடியே ஒலித்தல் வேண்டும் என்பது என் துணிபு. தெருப்பலகையில் எழுதிய பெயரை வழிகேட்போர்க்கு மொழிபெயர்த்துச் சொல்வோம் அல்லோம். ஆனால் திரையிற் பெயராக நில்லாத செயல்களையும் விளக்கங்களையும் ஆங்கிலத்தில் விட்டுவைக்க ஒரு காரணமும் இல்லை. சேமித்தல், நகர்த்துதல், அழித்தல் என்பன ஊரார் யாவர்க்கும் விளங்கும் சொற்கள். "சேவ் பண்ணவும்" என்பதனால் எளிமை ஒன்றும் கூடிவிடவில்லை.

கூடித் திருத்துவதிலும் தீங்கு உண்டு. ஐவர் அமர்ந்தால் ஐவரும் ஆளுக்கொரு சொல்லைச் சேர்ப்பர், நீக்குவார் இலர். மூத்தவர் முதலிற் பேசிவிட்டால் இளையவர் தமக்கு விளங்காததையும் விளங்கியதென்று தலையசைப்பர். புலவர் மட்டும் கூடினாலோ வேறொரு குறை நேரும். 1850-ஆம் ஆண்டில் வெளிவந்த பெர்சிவல் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பு, ஆறுமுக நாவலர் போன்ற பெரும்புலவரின் துணையால் ஆனது. எனினும், பப்ரிசியஸ் ஐயரின் நடைக்குப் பழகிய சபையார் பலர் அதனை ஏற்றிலர். பின்னர்ப் பவர் ஐயர் தலைமையில் ஒரு குழுவினர் பழைய மொழிபெயர்ப்பைத் தழுவித் திருத்திய வேதாகமம் 1871-ஆம் ஆண்டில் முழுமையாக வெளிவந்து, நெடுங்காலம் சபைகளில் வாசிக்கப்பட்டு வருகின்றது. பிழையின்மை ஒன்று, கேட்போர் கொள்ளுதல் மற்றொன்று.

ஆதலின் முறை இவ்வாறிருத்தல் நன்று. புதியவர் முதலிற் பேசுக. துறையறிந்தார் அடுத்துப் பேசுக. தமிழறிந்தார் இறுதியிற் பேசுக. கருத்துரைப்போர் பலராயினும் எழுதுகோல் ஒருவர் கையிலேயே இருக்க. நீக்கிய சொல்லுக்குக் காரணம் கேட்க வேண்டா. சேர்த்த சொல்லுக்குக் கேட்க.

நம் நகரத்துக் கல்லூரிகள் இதற்கு ஏற்ற இடங்கள். கணினி பயில்வாரும் தமிழ் பயில்வாரும் ஒரே மதிலுக்குள் இருந்தும், ஒருவர் வகுப்பில் மற்றவர் நுழைவதில்லை. சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த முதலாண்டு மாணவரோ எத்தனையோ பேர் உள்ளனர். வாரத்தில் ஒரு மாலை, இம்மூவகையாரும் ஓர் அறையில் அமர்ந்து ஒரு பாடத்தின் வாசகத்தை உரக்கப் படித்துக் கேட்கலாம். பாடத்தின் முடிவில் எழுதியவர், குரல் கொடுத்தவர் ஆகியோர் பெயரைச் சொல்வதுபோல, "எனக்கு இவ்விடம் விளங்கவில்லை" என்று முதலிற் சொன்ன முதலாண்டு மாணவரின் பெயரையும் சொல்லுதல் வேண்டும்.