கேக்காத பாடத்தில் கற்பனை எங்கேயிருந்து வரும்?



வண்ண விளக்கு, மணல் தட்டு, மெத்தைக் கதிரை. இதுகளை வாங்கிப் போட்டால் பிள்ளையளின் கற்பனை வளரும் எண்டு பள்ளிக்கூடங்களுக்கு விற்கிறார்கள். நான் முதலில் கேட்கிறது வேற: டீச்சர் சொல்லுறது அந்தப் பிள்ளைக்குக் கேக்குதா?

நியூயோர்க் மன்ஹாட்டனில் பி.எஸ். 98 என்ற அரசுப் பள்ளிக்கூடம். அதன் ஒரு பக்கத்துக்குக் கிட்டவாக மேம்பால ரயில் பாதை. சில நிமிசத்துக்கு ஒருக்கா ரயில் வரும், பாடம் நிற்கும். உளவியலாளர் ஆர்லீன் ப்ரொன்சாஃப்ட் 1975இல் மக்கார்த்தியோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், சத்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட ஒரு வருசம். மற்றப் பக்கத்திலும் அதே பாடத்திட்டம்தான்.

ஆதாரம் கையில் வந்ததும் அதிகாரிகளை விடாமல் நெருக்கினார்கள். தண்டவாளத்துக்கு ரப்பர் மெத்தை வந்தது. வகுப்புக் கூரைகளில் சத்தத்தை உறிஞ்சும் தகடுகள் வந்தன. 1981இல் வெளியான மறுஆய்வில் அந்த இடைவெளி இல்லை!

இது பழைய கதை இல்லை. ஹீத்ரோ, ஸ்கிபோல், பராகாஸ் விமான நிலையங்களைச் சுற்றி 2800க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. விமானச் சத்தம் கூடக்கூட வாசித்து விளங்கும் திறன் குறைந்தது. குடும்ப வசதியையும் தாயின் படிப்பையும் கணக்கில் எடுத்த பிறகும் அதே முடிவுதான். ஆனால் காசு உள்ளவைக்கு வீடு மாற வழி இருக்கு.

எங்களுக்கு இது இன்னும் கிட்டின விசயம். இரண்டாம் மொழியில் கேட்கிறவருக்கு இரைச்சலுக்குள்ள பேச்சைப் பிடிக்கிறது கூடுதல் கஷ்டம். வீட்டில தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில வேற மொழியில படிக்கிற பிள்ளை, சொல்லைப் பிடிக்கிறதிலேயே களைச்சுப் போகுது. "ஏன்?" எண்டு கேட்க, புதுசா ஒண்டை யோசிக்க மிச்சம் என்ன இருக்கு? நாங்களோ பிள்ளையை "மந்தம்" எண்டு சொல்லி டியூஷனுக்கு அனுப்புறம். கட்டடத்தை ஒருநாளும் கேள்வி கேட்கிறதில்லை.

எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளிலும் ஒரே மண்டபத்தில நாலு வகுப்பு நடக்கிறதைப் பார்த்திருப்பீங்கள். தடுப்புப் பலகை, தடித்த திரைச்சீலை, தரைவிரிப்பு: இதை அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே கேட்கலாம். அரசுப் பள்ளிக்கூடங்களில் கேட்க வேண்டியது அதைவிடப் பெரிசு. பாடத்திட்டத்துக்காகப் போராடுற நாங்கள், கூரைக்கும் ஜன்னலுக்கும் சேர்த்துப் போராட வேணும். பி.எஸ். 98இல் அது வென்ற கோரிக்கை.