பவளப் பாறையும் பஞ்சாங்கமும்

தியாகராய நகரில் ஒரு கனவான் வீடு கட்டினால் மயிலாப்பூரிலிருந்து புரோகிதர் வருகின்றார். வாஸ்து புருஷன் எந்தத் திக்கில் தலைவைத்துப் படுத்திருக்கின்றான் என்று சொல்லித் தட்சணை வாங்கிக்கொண்டு போகின்றார். சுவரில் பூசும் சிமெண்ட் எங்கிருந்து வந்ததென்று அவரும் சொல்வதில்லை, வீட்டுக்காரரும் கேட்பதில்லை.

சிமெண்ட் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் செய்வது. திருச்சி ஜில்லா கல்லக்குடியில் 1939-இல் அதற்கென்றே ஆலை வைத்தார்கள். (1953-இல் ஊர்ப் பெயருக்காகத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்களே, அதே ஊர்தான்.) அவ்வூர்க் கல்லில் ஒரு பகுதி, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் பவளப் பூச்சியும் பாசியும் சேர்ந்து கட்டிய பாறை. கடல் விலகிற்று, பாறை செத்தது. உலகத்தில் இது பலமுறை நடந்திருக்கின்றது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அக்காலத்துப் பவள வகைகள் அடியோடு அழிந்து, வேறு வகை தோன்றிப் பாறை கட்டப் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆயின. எந்த அவதாரமும் குறுக்கே வரவில்லை.

நிற்க, ராமர் பாலத்துக்கு வருவோம். திரேதா யுகம் முடிந்து பஞ்சாங்கக் கணக்குப்படியே 8 லட்சத்து 69 ஆயிரம் ஆண்டுகளாகின்றன. அதற்குப் பின்னும் முன்னும் பனியுகங்கள் பல வந்து போயின. கடல் நீர் நிலத்தின் மேல் பனிக்கட்டியாகச் சேர, கடல் மட்டம் இறங்கும். கடைசியாகச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் 120 மீட்டர் இறங்கியிருந்தது. ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் ஒரு பனைமர ஆழங்கூட இல்லை. ஆகவே அப்போது அது தரை. குரங்குகள் கல் சுமப்பானேன்? நடந்தே போயிருக்கலாமே! கடல் திரும்பி ஏறிய பிறகு சில ஆயிரம் ஆண்டுகளில் வளர்ந்ததே இன்று அங்குள்ள பவளப் பாறை.

அதுவும் இப்போது சாகின்றது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகள் உண்டு. சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பாறையை வெட்டி வெட்டி, அவற்றில் இரண்டு தீவுகள் கடலில் மூழ்கின. 2001-இல் சட்டம் வந்து வெட்டைத் தடுத்தது. சூட்டைத் தடுக்கச் சட்டம் எங்கே? பவளப் பூச்சிக்குச் சோறு போடுவது அதன் உடம்பிலேயே குடியிருக்கும் பாசி. தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டால் பூச்சி பாசியைத் துரத்திவிடும். பிறகு வெளுத்துப் பட்டினி கிடந்து சாகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இதுதான் நடந்தது. கலியின் கோலம் என்பார்கள். கலியல்ல, கரி! நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் விடும் புகைதான் கடலைச் சுடவைக்கின்றது.

2005-இல் தொடங்கிய சேதுக் கால்வாயை, ராமர் பாலம் இடியுமென்று 2007-இல் கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார்கள். அந்தப் பக்தர்களில் எத்தனை பேர் அதே கடலில் வெளுத்துக் கிடக்கும் உயிருள்ள பாறைக்காக வாய் திறந்தார்கள்? கால்வாய் கேட்ட நம்மவர்களும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான் இது.