டயாலிசிஸ் நாற்காலியில் பத்து நிமிட தியானம்: எதுக்கு உதவும், எதுக்கு உதவாது

1)
கொஞ்சம் நீளமான இழை. வீட்டுலயோ சொந்தத்துலயோ தெருவுலயோ யாராவது டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தால், கடைசி வரை பொறுமையா படிங்க.

2)
மேலூர் பக்கத்துக் கொத்தனார் ஒருவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூணு வருஷமா வாரத்துக்கு மூணு நாள் மதுரைக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர். ஒரு நாள்கூடத் தவறினதில்லை. போன கோடையில் தொடர்ந்து ரெண்டு முறை வரல. அடுத்து ஒரு ராத்திரி ஆம்புலன்ஸில் வந்தார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. படுக்க முடியல. ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள மூச்சு இரைக்குது.

3)
அவசரமா டயாலிசிஸ் போட்டு, காலையில் மூச்சு சீரானதும் நான் செய்த முதல் வேலை அவரைத் திட்டினதுதான்.
"என்னண்ணே, இத்தனை வருஷமா வர்றீங்க, விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? காசு இல்லையா, பஸ்ஸு கிடைக்கலையா?"
அவர் சொன்னார்: "காசும் இருந்துச்சு சார். பஸ்ஸும் வந்துச்சு. நாந்தான் ஏறல."

4)
அவரோட ஹீமோகுளோபின், பொட்டாசியம், டிரை வெயிட் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா மூணு வருஷத்துல ஒரு தடவைகூட "மனசு எப்படி இருக்குண்ணே?"ன்னு கேட்டதில்லை. அது என் தப்பு. அவர் மேல போட வேண்டிய தப்பு இல்லை.

அவர் மனைவி வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "பாக்குறவுக எல்லாம் தியானம் பண்ணச் சொல்லுங்க, சரியாயிரும்னு சொல்லிட்டுப் போறாக சார். நெசமாவே சரியாயிருமா?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த இழை.

5)
முதல்ல டயாலிசிஸ் வாழ்க்கைன்னா என்னன்னு பார்ப்போம். ஒரு முறைக்கு சுமார் 4 மணி நேரம். வாரம் 3 முறைன்னா வருஷத்துக்கு 156 முறை. ஒவ்வொரு முறையும் பிஸ்டுலா கையில் 2 ஊசி. வருஷத்துக்கு 312 குத்து. அதுவும் சாதாரண ஊசி இல்லை, நல்ல தடிமனான ஊசி.

போக வர பஸ், காத்திருப்பு, முடிந்த பிறகு வரும் அசதி எல்லாம் சேர்த்தா அந்த நாள் முழுக்கப் போச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செலவு நடந்துவிடுகிறது. இழந்த கூலிக்குக் காப்பீடு கிடையாது. பிஸ்டுலா போட்ட கையில் பாரம் தூக்கக்கூடாது. கரண்டி பிடிச்ச கை அது.

6)
அடுத்தது தாகம். நம்ம ஊரு சித்திரை வெயிலை யோசிச்சுப் பாருங்க. அழகர் ஆத்துல இறங்குற நேரம், தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பாங்க. சிறுநீர் நின்றுபோன டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாள் முழுக்கவே அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர்தான் கணக்கு. இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதுவும் கூடாது. ஒரு டம்ளர் மோருக்குக் கணக்குப் பார்க்கிற மனுஷனுக்கு மனசு சோர்ந்துபோறதுல என்ன ஆச்சரியம்?

7)
யாரும் வாய்விட்டுப் பேசாத இன்னொண்ணு இருக்கு. பக்கத்து நாற்காலி.
ஒரே ஷிப்டில் வர்றவங்க மாசக்கணக்கில் பக்கத்துப் பக்கத்துல இருந்து பழகிடுவாங்க. சாப்பாடு, பிள்ளைங்க படிப்பு, கடன் எல்லாம் பேசுவாங்க. ஒரு நாள் அந்த நாற்காலியில் வேற ஆள் இருப்பார். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். அவங்களும் கேட்க மாட்டாங்க. ஆனா எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு அந்த ரூம்ல மெஷின் அலாரம் அடிச்சா எல்லார் முகமும் மாறும்.

8)
இது எத்தனை பேருக்கு இருக்கு? உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை நேரில் உட்கார்ந்து பேசிக் கணித்தால் நூற்றுக்கு சுமார் 23 பேருக்கு மனச்சோர்வு. கேள்வித்தாள் கொடுத்து எழுதச் சொன்னால் நூற்றுக்கு 39.

ஏன் இந்த வித்தியாசம்? அசதி, பசியின்மை, தூக்கமின்மை மூணும் மனச்சோர்வுக்கும் வரும், கிட்னி செயலிழப்புக்கும் வரும். அதனாலதான் டாக்டர்களும் "கிட்னி நோய்னா அப்படித்தான் இருக்கும்"னு கடந்து போயிடறோம்.

9)
பிரிச்சுப் பார்க்க ரெண்டு கேள்வி போதும். கடந்த ரெண்டு வாரத்தில்,
ஒண்ணு: மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாம இருக்கா?
ரெண்டு: முன்னாடி ஆசையா செஞ்ச விஷயங்கள்ல ஈடுபாடு இல்லாம போச்சா?
பெரும்பாலான நாட்கள்ல ஆமாம்னா, அடுத்த கட்டமா மனநல மருத்துவரிடம் பேசணும். இதுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். ரெண்டு நிமிஷம் போதும்.

10)
இப்ப தியானத்துக்கு வருவோம். கனடாவின் மான்ட்ரியலில் 2017ல் வெளியான ஒரு சிறு ஆய்வு. 41 டயாலிசிஸ் நோயாளிகள். அதில் ஒரு பாதிப் பேருக்கு, டயாலிசிஸ் நடக்கும்போதே, அந்த நாற்காலியிலேயே, 10 முதல் 15 நிமிடம் தியானம். வாரம் 3 முறை, 8 வாரம்.

முடிவு? செய்ய முடியுது, நோயாளிகள் ஏத்துக்கிட்டாங்க, தொந்தரவு பெரிசா இல்லை. ஆனா மனச்சோர்வும் பதற்றமும் தியானம் செய்யாத குழுவை விட தெளிவா குறைஞ்சதுன்னு அந்த ஆய்வால நிரூபிக்க முடியல. "தியானம் டயாலிசிஸ் நோயாளிகளின் மனச்சோர்வைக் குணப்படுத்தும்"னு வாட்ஸ்அப்பில் வந்தா, அந்த அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு தெரிஞ்சுக்குங்க.

11)
மாத்திரைக்கும் பேச்சு சிகிச்சைக்கும்? அமெரிக்காவில் 120 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019ல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு செர்ட்ராலின் மாத்திரை. இன்னொரு குழுவுக்கு டயாலிசிஸ் நாற்காலியிலேயே பேச்சு சிகிச்சை. 12 வாரத்தில் ரெண்டு குழுவிலும் முன்னேற்றம். மாத்திரைக் குழுவில் கொஞ்சம் கூடுதல் முன்னேற்றம், பக்கவிளைவும் கூடுதல். ஆக, மருந்தும் மந்திரம் இல்லை. ஆனா வழி இருக்கு.

12)
என் கருத்து இதுதான்: தியானத்தைச் சிகிச்சைக்குத் துணையா சேர்த்துக்குங்க, பதிலா வைக்காதீங்க. அந்த 4 மணி நேரம் எப்படியும் உட்கார்ந்துதான் ஆகணும். அதுல 10 நிமிஷம் மனசுக்கு. செலவு இல்லை, பஸ் ஏற வேண்டாம், புது மாத்திரை இல்லை. ஆனா அந்த ரெண்டு கேள்வியைக் கேட்காம "தியானம் பண்ணுங்க"ன்னு சொல்லி அனுப்பறது கைகழுவறது.

13)
மதுரைக்கு தியானம் ஒண்ணும் புதுசு இல்லை. மேலூர் பக்கம் மாங்குளம் மலையில், 2000 வருஷத்துக்கு மேல் பழைய தமிழிக் கல்வெட்டுகளோடு சமணத் துறவிகளின் கற்படுக்கைகளை இன்னைக்கும் பார்க்கலாம். ஒரு வித்தியாசம்தான். அவங்க விரும்பிப் போய் உட்கார்ந்தாங்க. நம்ம ஆளு வேற வழியில்லாம உட்கார்ந்திருக்கார். அதனால அவரிடம் துறவியின் பொறுமையை எதிர்பார்க்காதீங்க.

14)
எப்படிச் செய்யறது?
- ஊசி போட்டு, மெஷின் ஓட ஆரம்பிச்சு, பிரஷர் பார்த்த பிறகு முதல் ஒண்ணரை மணி நேரத்துக்குள் செய்யுங்க. பிரஷர் இறங்கறதும் தசைப்பிடிப்பும் பெரும்பாலும் பின்பாதியில்தான் வரும்.
- பிஸ்டுலா கையை அசைக்காதீங்க. போர்வைக்குள் மறைக்காதீங்க. ஊசி இடம் டெக்னீஷியன் கண்ணுல படணும்.
- கண்ணை மூடலாம், திறந்தும் வைக்கலாம்.
- மூச்சு இயல்பா இருக்கட்டும். மூச்சை அடக்குற பயிற்சி வேண்டாம்.
- மூச்சு வெளியே போகும்போது ஒண்ணுன்னு எண்ணுங்க. பத்து வந்ததும் திரும்ப ஒண்ணுலயிருந்து.
- கடன் ஞாபகம் வரும், மக கல்யாணம் ஞாபகம் வரும். வரட்டும். "நினைப்பு வந்துருச்சு"ன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு எண்ணிக்கைக்குத் திரும்புங்க. அந்தத் திரும்பறதுதான் பயிற்சி.
- ஜெபமாலையோ தஸ்பீஹோ நாமஜபமோ பழக்கம் இருந்தா அதையே நிதானமா செய்யலாம்.

15)
தலைசுற்றல், நெஞ்சுவலி, வியர்வை, தசைப்பிடிப்பு வந்தா பொறுத்துக்கிட்டு தியானம் பண்ணாதீங்க. உடனே கூப்பிடுங்க. சிலருக்குக் கண்ணை மூடினாலே பயம் கூடும். அவங்க நிறுத்திடலாம். ஒண்ணும் குறைஞ்சு போகல.

16)
இது ரொம்ப முக்கியம். வீட்டில் டயாலிசிஸ் நோயாளிக்கு மூச்சுத் திணறல், படுத்தா மூச்சு முட்டுது, நெஞ்சு படபடப்பு, கைகால் திடீர்னு பலவீனம் வந்தா, "பதற்றம்தான், மூச்சை நல்லா இழுத்து விடுங்க"ன்னு உட்கார வைக்காதீங்க. அது நுரையீரலில் நீராவோ பொட்டாசியம் ஏறினதாவோ இருக்கலாம். உடனே 108ஐக் கூப்பிட்டு டயாலிசிஸ் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்க. தியானம் அப்புறம்.

17)
குடும்பத்தினருக்கு: "தைரியமா இரு", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க இருக்காங்க" ரெண்டையும் விட்டுடுங்க. வாரத்தில் ஒரு நாள் கூடவே வந்து அந்த நாற்காலி பக்கத்துல உட்காருங்க. "இனி டயாலிசிஸ் போக வேண்டாம்"னு அவர் சொன்னா சண்டை போடாதீங்க, அலட்சியமும் பண்ணாதீங்க. "சாகணும்னு தோணுதா?"ன்னு நேரடியா கேளுங்க. கேட்கறதால அந்த எண்ணம் வந்துடாது. ஆமாம்னு சொன்னா தனியா விடாதீங்க. அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க.

18)
எங்க ஆட்களுக்கும் அரசுக்கும்: ஒவ்வொரு டயாலிசிஸ் பிரிவிலும் மாசம் ஒரு முறை அந்த ரெண்டு கேள்வி கேஸ் ஷீட்டில் ஏறணும். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கு, ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. டயாலிசிஸ் நோயாளியை இன்னொரு நாள், இன்னொரு ஓ.பி. வரிசையில் நிக்க வைக்காம, ஆலோசகர் நாற்காலி பக்கம் வரணும். பஸ் கட்டணத்துக்கும் ஒரு வழி பண்ணணும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்று வழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டு போகுது. பை போற வீட்டுக்கு இந்த ரெண்டு கேள்வியும் போகலாமே.

19)
அந்தக் கொத்தனார் அண்ணன்? மனநல மருத்துவர் பார்த்தார். மாத்திரை எடுக்கிறார். எங்க டெக்னீஷியன் தம்பி தன் குரலிலேயே போனில் பதிவு பண்ணிக் கொடுத்ததைக் கேட்டு மூச்சை எண்ணுகிறார். "பாதி நாள் தூங்கிருறேன் சார்"னு சிரிக்கிறார். பரவாயில்லைண்ணேன்னு சொன்னேன். எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்லை. கடன் இருக்கு, தாகம் இருக்கு. ஆனா பஸ் ஏறுறார். ஏற மனசில்லாத நாளில் எனக்குச் சொல்லணும்னு பேசி வச்சிருக்கோம். ரெண்டு தடவை போன் வந்துச்சு. ரெண்டு தடவையும் பேசிட்டு, கொஞ்சம் லேட்டா வந்து சேர்ந்தார்.

20)
மனசு தாங்கலைன்னா ராத்திரி பகல் எந்த நேரமும் டெலி மனஸ் 14416, இல்லைன்னா 104. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்னைக்கு ஒரு வேலை செய்யுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச டயாலிசிஸ் நோயாளி ஒருத்தருக்கு போன் போட்டு, கிரியாட்டினின் எவ்வளவுன்னு கேட்காம, மனசு எப்படி இருக்குன்னு கேளுங்க. கேட்டுட்டு அவர் பேசற வரைக்கும் காத்திருங்க.