'நெகட்டிவ்' சீட்டை நம்பி வேலைக்குப் போகலாமா? கொரோனா டெஸ்ட்டில் எது கெட்டி?

புதுச்சேரி,

"ரெண்டு நாளா உடம்பு அனலா கொதிக்குது. ஆனா டெஸ்ட்ல நெகட்டிவ்னு வந்துடுச்சே... நாளைக்கு வேலைக்குப் போகலாமா?"

2020, 2021-ம் ஆண்டுகளில் புதுவையில் பல வீடுகளில் எழுந்த கேள்வி இது. தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போனாலே அடுப்பு எரியாது. அதே நேரம் சீட்டு தப்பாக இருந்தால் வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கும் கிருமி ஒட்டிக்கொள்ளும்.

முதலில் வந்து மண்ணைக் கவ்வியது ரத்தத்தில் பார்க்கும் 'ரேபிட் கிட்'. 2020 ஏப்ரல் 17-ந்தேதி சீனாவில் இருந்து 24 ஆயிரம் கிட்டுகள் தமிழகம் வந்தன. ராஜஸ்தானில் இந்த வகை கிட்டை சோதித்தபோது 5.4 சதவீதம்தான் சரியாக இருந்தது. ஏப்ரல் 27-ந்தேதி 2 சீன கம்பெனிகளின் கிட்டுகளை திருப்பி அனுப்பச் சொன்னது, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். இந்த டெஸ்ட் கிருமியைத் தேடாது. கிருமியை எதிர்த்து உடம்பில் உருவாகும் சக்தியைத் தேடும். அது உருவாகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம்.

அடுத்து வந்தது ஆன்டிஜென் டெஸ்ட். மூக்கில் குச்சி விட்டு எடுத்தால் அரை மணி நேரத்தில் முடிவு. 'பாசிட்டிவ்' என்றால் அநேகமாக நிஜம். 'நெகட்டிவ்'தான் சிக்கல். 2020 ஜூனில் கவுன்சில் வெளியிட்ட கணக்குப்படி, நோய் உள்ளவர்களில் 50.6 முதல் 84 சதவீதம் பேரைத்தான் இது கண்டுபிடித்தது. அதாவது 100 நோயாளிகளில் 16 முதல் 49 பேர் வரை தப்பி விடுவார்கள்.

மூன்றாவது, ஜிப்மர் போன்ற ஆஸ்பத்திரி ஆய்வகங்களில் செய்யும் ஆர்.டி.பி.சி.ஆர். கிருமியின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பதால் கொஞ்சம் இருந்தாலும் சிக்கிவிடும். முடிவு வர பல மணி நேரம் ஆகும். மூன்றில் கெட்டி இதுதான். ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. மாதிரி சரியாக எடுக்காவிட்டாலோ, தொற்றிய ஓரிரு நாளிலேயே எடுத்தாலோ 'நெகட்டிவ்' வரலாம். குணமான பிறகும் சில வாரம் 'பாசிட்டிவ்' காட்டலாம்.

இதனால்தான், காய்ச்சல், இருமல் உள்ளவருக்கு ஆன்டிஜெனில் 'நெகட்டிவ்' வந்தால் கட்டாயம் ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது.

2023 மே 5-ந்தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை முடித்துக்கொண்டது. கிருமி ஒழிந்துவிடவில்லை. நாளைக்கு வேறு கிருமி வந்தாலும் முதலில் கைக்கு வருவது அவசர கிட்டாகத்தான் இருக்கும். அப்போது சீட்டில் 'நெகட்டிவ்' என்று இருந்து உடம்பு கொதித்தால், டாக்டரிடம் காட்டி மறுபடி டெஸ்ட் எடுப்பதே வீட்டுக்கு நல்லது.