ஏட்டுச் சுரைக்காயும் ஓடாத கப்பலும்



நான்காம் ஆண்டு மாணவனிடம் ஒரு கணக்குக் கேளுங்கள். "கடைக்காரரிடம் பத்து ரிங்கிட் கொடுத்தாய். அவரிடம் பொருள் இல்லை. உனக்கு எவ்வளவு திரும்ப வரவேண்டும்?" சற்றும் தயங்காமல் "பத்து ரிங்கிட், ஐயா" என்பான்.

இந்த எளிய கணக்கு உல்லாசக் கப்பல் பயணங்களை விற்கும் பலருக்கு மட்டும் ஏனோ விளங்குவதில்லை!

என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியை ஒருவர், கணவரோடு கடற்பயணம் போக ஆசைப்பட்டார். 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு பயண முகவரிடம் 4,600 ரிங்கிட்டை முழுமையாகச் செலுத்தினார். மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கப்பல் ஓடவில்லை. பணத்தைக் கேட்டபோது, பணத்திற்குப் பதிலாகப் பற்றுச்சீட்டு ஒன்று வந்தது. "பொறுங்கள் டீச்சர், பணம் எங்கும் போகாது" என்றார் முகவர்.

ஆசிரியை பொறுத்தார். 2021இல் அவருடைய கணவர் காலமானார். தனியாகப் போக மனமின்றி மீண்டும் பணத்தைக் கேட்டார். பற்றுச்சீட்டின் காலத்தை நீட்டித்துத் தந்தார்களே தவிர, பணம் வரவில்லை. இறுதியில் அந்தச் சீட்டும் காலாவதியானது. 2024இல் முறையிடப் போனபோது கிடைத்த விடை: "மூன்றாண்டு கடந்துவிட்டது அம்மா."

நண்பர்களே, இங்கே களவு போனது பணம் மட்டுமா? காலமும் அல்லவா! "பொறுங்கள்" என்ற ஒரே சொல்லால், வழக்காடும் உரிமையையே அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

இதற்கு அவர்கள் சொல்லும் சாக்குகள் மூன்று.

முதலாவது, "பெருந்தொற்று எங்கள் தவறா?" இல்லை. கப்பலை ஓட்டாததற்காக யாரும் அவர்களைத் தண்டிக்கச் சொல்லவில்லை. ஆனால், ஓடாத கப்பலுக்கு வாங்கிய கட்டணத்தை வைத்துக்கொள்ளும் உரிமையைப் பெருந்தொற்று யாருக்கும் வழங்கவில்லை. ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டால், அதன்வழி பயன்பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும் அல்லது ஈடுசெய்ய வேண்டும் என்பதே நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 66ஆம் பிரிவின் சாரம்.

இரண்டாவது, "நிபந்தனையில் கையெழுத்திட்டீர்களே?" எறும்பு எழுத்தில் அச்சிட்டு, படிக்க நேரமும் தராமல் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் உடன்பாடா? பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி, நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிராகத் தனிப் பகுதியே சேர்க்கப்பட்டது. பயணி தாமாகவே விலகினால் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளட்டும்; அது நியாயம். கப்பலே விலகிவிட்டால் பயணி ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

மூன்றாவது, "எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் நிறுவனம் மூழ்கிவிடும்." வெளிப்படையான வாக்குமூலம் இதுதான்! அப்படியென்றால் பயணியின் பணம் பத்திரமாக இல்லை. முன்னரே செலவாகிவிட்டது என்று பொருள். பற்றுச்சீட்டை ஏற்பவர், வட்டியும் இல்லாமல், ஈடும் இல்லாமல் நிறுவனத்திற்குக் கடன் கொடுக்கிறார்.

அந்தக் கடன் என்னவாகும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 'ட்ரீம் குரூசஸ்' கப்பல்களை நடத்திய கெந்திங் ஹாங்காங் நிறுவனம், 2022 ஜனவரியில் பெர்முடா நீதிமன்றத்தை நாடி, நிறுவனத்தைக் கலைக்கும் நடவடிக்கையில் இறங்கியது. நிறுவனம் இப்படிக் கலையும்போது, கப்பலை அடைமானம் பிடித்த வங்கிகள் வரிசையின் முன்னால் நிற்கும். பற்றுச்சீட்டு வைத்திருக்கும் சாமானியன் கடைசியில் நிற்பான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

பிற நாடுகளைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்புப் பயண விதிப்படி, பயணம் இரத்தானால் 14 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். பற்றுச்சீட்டை ஏற்பது பயணியின் விருப்பமாக இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2020 மே மாதத்திலேயே பரிந்துரைத்தது. அமெரிக்காவில் கப்பல் புறப்பாடு மூன்று நாள் அல்லது அதற்கு மேல் தாமதமானாலே பயணி பணத்தைத் திரும்பக் கோரலாம் என 2022இல் விதி வகுத்தார்கள். அங்கெல்லாம் கப்பல் தொழில் அழிந்துவிட்டதா, என்ன?

நம் அரசும் பயணியின் முன்பணத்தைப் பயணம் முடியும்வரை தனிக் கணக்கில் காக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டும். திருப்பித் தரவேண்டிய நாளையும் சட்டத்தில் எழுத வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு. பணத்திற்குப் பதிலாகச் சீட்டு தந்தால், "ஏற்கவில்லை, பணமே வேண்டும்" என்று எழுத்தில் தெரிவியுங்கள். ரசீதையும் கடிதங்களையும் பாதுகாத்து வையுங்கள். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால், கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் போக வேண்டும். எத்தனை முறை "பொறுங்கள்" என்றாலும் அந்த நாள்காட்டி உங்களுக்காகப் பொறுத்திருக்காது!

அந்த ஆசிரியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பிறர் சொல்லை நம்பினார், அவ்வளவுதான். நம்பியவரை ஏமாளியாக்கும் வணிகம் வணிகமாகாது.

பொறுமை நற்பண்புதான். ஆனால், உரிமையை இழக்கும் அளவுக்குப் பொறுக்கலாமா? சிந்திப்போம்!