சல்லடையில் தங்குவது

'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று குழந்தைகளைச் சீண்டுவது தமிழ் வீடுகளில் பழைய வழக்கம். தவிட்டைவிட மலிவான பொருள் இல்லை என்பதுதான் அதில் உள்ள கேலி. இன்று அந்தக் கேலி எடுபடாது. மும்பை சூப்பர் மார்க்கெட்டுகளில் கோதுமைத் தவிடு, பளபளக்கும் பாக்கெட்டில் 'பிரான்' என்ற பெயரில் கோதுமை மாவைவிட அதிக விலைக்கு விற்கிறது. தமிழில் பிரான் என்றால் இறைவன். பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.

வேடிக்கை என்னவென்றால், வாங்குகிறவர்கள் வீட்டிலேயே அது இருக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்னும் பல குடும்பங்கள் கோதுமை வாங்கி 'சக்கி'யில் கொடுத்து அரைக்கின்றன. மாவு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, சப்பாத்தி மிருதுவாக வரவேண்டும் என்று சலிப்பது. சல்லடையில் தங்குவது கோயில் வாசல் பசுவுக்குப் போகும், இல்லாவிட்டால் குப்பைக்கு. பிறகு டாக்டர் நார்ச்சத்து சாப்பிடச் சொல்கிறார். பை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறார்கள்.

டாக்டர்கள் இப்படிச் சொல்ல ஆரம்பித்ததற்கு டெனிஸ் பர்க்கிட் ஒரு முக்கிய காரணம். அயர்லாந்துக்காரரான இந்த அறுவை மருத்துவர் உகாண்டாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். பிரிட்டனில் சகஜமான மலச்சிக்கலும் குடல் நோய்களும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் அபூர்வமாக இருப்பதற்கு அங்குள்ள சக்கையான உணவே காரணம் என்று 1970களில் வாதாடினார். அவர் சொன்ன எல்லாமே நிரூபணமாகிவிடவில்லை. ஆனால் அடிப்படை நிலைத்துவிட்டது. பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 பரிந்துரை. அதே ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

இட்லி போதாதா என்று கேட்கலாம். விடியுமுன் தாராவியில் வெந்து, பாத்திரங்களில் நகரெங்கும் சுடச்சுடப் போகும் இட்லியை யாரும் குறை சொல்ல முடியாது. புழுங்கல் அரிசிக்கும் பெருமை உண்டு. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய பச்சரிசியே கதியென்று இருந்த ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி நோய் தாக்கியபோது, புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பியது இதனால்தான். ஆனால் இறங்குவது வைட்டமின் மட்டுமே. நார் தவிட்டோடு ஆலையிலேயே போய்விடுகிறது.

ஆகவே வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலையில், தவிட்டு மஃபினுக்கு இடம் கொடுக்கலாம். கடை மஃபின் வேண்டாம். பாக்கெட்டில் எந்தப் பொருள் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும்தான் முன்னால் நிற்கும்.

வீட்டில் செய்வது சுலபம். வாரம் முழுவதும் சலித்த தவிட்டைப் பூச்சி வராமல் ஃப்ரிட்ஜில் சேர்த்துவையுங்கள். சனிக்கிழமை இரவு ஒரு கப் தவிட்டை ஒரு கப் புளித்த மோரில் ஊறப்போடவேண்டும். இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. ஊறாத தவிடு வாயில் மரத்தூள். தவிர, தவிட்டிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் உணவிலுள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஊறினால் அதன் பிடி தளரும்.

காலையில் ஒரு கப் கோதுமை மாவில் அரை டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். ஊறிய தவிட்டில் அரை கப் வெல்லத்தூள், கால் கப் எண்ணெய், மசித்த வாழைப்பழம் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு முறை மட்டும் கிளறுங்கள். தோசை மாவு போல அடித்துக் கலக்கினால் மஃபின் ரப்பராகிவிடும். சிறு கிண்ணங்களில் முக்கால் பங்கு ஊற்றி, 190 டிகிரி சூட்டில் சுமார் 20 நிமிடம். ஓவன் இல்லாத வீட்டில் பிரஷர் குக்கர் போதும்: அடியில் உப்பைப் பரப்பி, காஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, சிறு தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஈர்க்குச்சி செருகிப் பார்த்தால் மாவு ஒட்டக்கூடாது.

பத்து மஃபின் வரும். ஒன்றில் சுமார் 4 கிராம் நார்ச்சத்து. வெல்லமும் சுமார் 10 கிராம் இருக்கிறது. வெல்லம் நல்லது என்று சர்க்கரை நோயாளிகள் தங்களை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு அளவைப் பாதியாக்கி இன்னொரு பழம் சேர்க்கலாம்.

மாட்டுத்தீவனக் கடைத் தவிடு மலிவு என்று அங்கே போகாதீர்கள். மனிதர் சாப்பிடும் சுத்தம் அதில் இருக்காது. அரிசித் தவிடும் சரிப்படாது. அதில் எண்ணெய் அதிகம், ஆலையிலிருந்து வந்த கொஞ்ச நேரத்திலேயே சிக்கு வாடை பிடிக்கும். பழக்கமில்லாதவர்கள் முதல் வாரம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, கூடவே நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். இல்லையென்றால் வயிறு உப்பும். மீந்தவை டப்பாவில் மூடிவைத்தால் மறுநாள் ஆபீஸ் டிபனுக்கு ஆகும்.